ஆங்கிலப் பேச்சில் மேற்கோளும் குத்தலும்: புதிதாகச் சென்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. ஒரு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு மேலாளரிடம் சென்று, 'ஹி செட் ஐ வில் சென்ட் த ஃபைல் டுநைட்' என்றேன். 'இன்றிரவு நான் கோப்பை அனுப்புகிறேன் என்று சொன்னார்' என்ற தமிழ் வாக்கியம்தான் அப்படியே ஆங்கிலமாகி வெளியே வந்தது. மேலாளர் தலையசைத்தார். மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து, கோப்பை அனுப்பியாயிற்றா என்று கேட்டார். வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த 'நான்', மேலாளர் காதில் என்னைக் குறிக்கும் 'நான்' ஆகியிருந்தது. அனுப்ப வேண்டிய ஆளே மாறிவிட்டார்.

அதே மாதம், பக்கத்து மேசைக்காரர் அலுவலகத்தின் 'புதிய' அச்சுப்பொறியைப் பற்றிப் பேசினார். 'புதிய' என்ற சொல் வந்தபோது இரு கைகளையும் தோளளவு உயர்த்தி, விரல்களை இரண்டு முறை மடக்கி நிமிர்த்தினார். எப்போது வாங்கினார்கள் என்று நான் ஆவலாகக் கேட்டேன். அது வேறொரு கிளையிலிருந்து வந்த பழைய இயந்திரம். நிர்வாகம் அதைப் புதியது என்கிறது, நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்பதைத்தான் அவருடைய விரல்கள் தெரிவித்தன.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் வேர் ஒன்றே என்பது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. ஆங்கிலம் பேசுவோர் பிறர் சொல்லை எடுத்துச் சொல்வதற்கும், ஒரு சொல்லைக் குத்தலாகச் சொல்வதற்கும் பெரும்பாலும் ஒரே கருவிகளைத்தான் கையாளுகிறார்கள். இரண்டிலும் 'இந்தச் சொல் என்னுடையதல்ல' என்ற அறிவிப்பு இருக்கிறது. ஆய்வாளர்கள் டான் ஸ்பெர்பரும் டெய்ர்ட்ரி வில்சனும் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே ஒரு கொள்கையாக முன்வைத்தார்கள். குத்தலாகப் பேசுபவர் பிறர் சொன்னதை, அல்லது சொல்லக்கூடியதை, எதிரொலித்துக் காட்டிவிட்டு அதிலிருந்து தாம் விலகி நிற்கிறார் என்பது அவர்கள் கருத்து. ஆகவே புதிதாகச் சென்றிருக்கும் நீங்கள் எந்நேரமும் காதோரம் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யார் சொல்?

குத்தல் நமக்குப் புதிதன்று. கயவர்களைத் தேவர்களுக்கு ஒப்பிடும் 1073-ஆம் குறளை வஞ்சப் புகழ்ச்சி அணிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருக்கிறோம். நேரங்கழித்து எழும் மகனிடம் 'மகாராஜா எழுந்தாயிற்றா?' என்று கேட்கும் தாயின் குரலும் நம் எல்லோருக்கும் தெரியும். நமக்குத் தெரியாதவை ஆங்கிலத்தின் அடையாளக்குறிகள் மட்டுமே. அவற்றைப் பயிற்சியால் பிடித்துவிடலாம்.

முதல் படி: 'என்று' வரும் எனக் காத்திருக்காதீர்கள்

தமிழில் மேற்கோளின் முடிவில் ஒரு காவலாள் நிற்கிறார். 'என்று' வந்தவுடன், அதுவரை கேட்டது பிறர் சொல் எனப் புரிந்துகொள்கிறோம். அதுமட்டுமன்று. 'வருகிறாராம்', 'பெரிய மேதையாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்தாலே, 'நான் கேள்விப்பட்டது இது, பொறுப்பு என்னுடையதல்ல' என்ற விலகலும், வேண்டுமானால் ஏளனமும், ஒரே அசையில் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அப்படியோர் ஒட்டு இல்லை. அந்த 'ஆம்' செய்யும் வேலையை அங்கே குரலும் விரல்களும் முகமும் சில தனிச்சொற்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பங்காளிகளைப் பற்றியதுதான்.

ஆங்கில மேற்கோள் தன்னைத் தொடக்கத்தில் காட்டிக்கொள்ளும். பேசுபவர் ஒரு கணம் நிறுத்துவார், குரல் மேலேறும் அல்லது இறங்கும், பிறகு 'ஓ', 'வெல்', 'லுக்', 'ஹே' போன்ற ஒரு சிறு சொல் வரும். 'ஷி செட், ஓ, ஐ டோன்ட் நோ' என்பதில் அந்த 'ஓ'தான் திறக்கும் மேற்கோள் குறி. அதற்குப் பின் வருவது அந்தப் பெண்ணின் வாய்ச்சொல். எங்கே முடிகிறது என்பதைக் குரல் தன் பழைய இடத்துக்குத் திரும்புவதை வைத்துத்தான் அறிய வேண்டும். முதல் வாரங்களில் பொருளைப் பிடிக்க முயல்வதோடு இந்தக் குரல் மாற்றத்தையும் கவனியுங்கள்.

நீங்கள் பேசும்போது ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறர் சொன்னதைத் தெரிவிக்கும்போது 'நான்' என்பதை 'அவர்' ஆக்கிவிடுங்கள். 'ஹி செட் ஹி வுட் சென்ட் இட் டுநைட்' என்றால் யாருக்கும் ஐயம் வராது. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். குரலை மாற்றி நடித்துக்காட்டத் தெரிந்தவர்கள் 'ஐ' என்றே சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். அந்த நடிப்பு கைவரும்வரை நமக்கு அது ஆபத்து.

இரண்டாம் படி: 'வாஸ் லைக்' என்பதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்

பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித்தந்த 'செட்', 'டோல்ட்' இரண்டும் அலுவலக நேரத்துச் சொற்கள். தேநீர் இடைவேளையில் நீங்கள் கேட்கப்போவது வேறு: 'ஐ வாஸ் லைக்', 'ஷி வாஸ் லைக்', 'ஹி கோஸ்', 'ஐ கோ'. அமெரிக்காவில் இளைஞர்களிடையே பரவிக்கொண்டிருந்த 'வாஸ் லைக்' வழக்கை மொழியியலாளர் ரொனால்ட் பட்டர்ஸ் 1982-இலேயே குறிப்பிட்டு எழுதினார். 1990-களில் அது பிரிட்டனிலும் கனடாவிலும் இளைஞர் பேச்சில் வேரூன்றியிருந்ததைச் சாலி டாலியமாண்டியும் ரேச்சல் ஹட்சனும் 1999-இல் ஆய்ந்து வெளியிட்டார்கள். அன்றைய இளைஞர்கள் இன்று மேலாளர்களாகிவிட்டார்கள். எனவே இதை விடலைப் பேச்சென்று ஒதுக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, 'வாஸ் லைக்'குக்குப் பின் வருவது வாயால் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மனத்தில் நினைத்ததாக இருக்கலாம், முகபாவமாக இருக்கலாம், ஒரு பெருமூச்சாகவும் இருக்கலாம். ஒருவர் 'மை பாஸ் வாக்ட் இன், அண்ட் ஐ வாஸ் லைக், ஆர் யூ கிட்டிங் மீ' என்றால், அவர் தம் முதலாளியின் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டார் என்று பொருளில்லை. உள்ளுக்குள் அப்படி இருந்தது என்கிறார். 'உண்மையாகவே கேட்டுவிட்டீர்களா?' என்று நாம் அதிர்ந்தால் அவருடைய கதை உடைந்துவிடும். ஹெர்பர்ட் கிளார்க்கும் ரிச்சர்ட் கெரிக்கும் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பேச்சில் வரும் மேற்கோள் என்பது ஒரு நிகழ்த்திக்காட்டல் என்றார்கள். சொல் சொல்லாக அப்படியே திருப்பித் தருவதாக யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. நம் ஊர்க் கதைசொல்லிகள் பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

'ஹி கோஸ்', 'ஐ கோ' என்பவை நிகழ்கால வடிவில் இருந்தாலும் நேற்று நடந்ததைத்தான் சொல்கின்றன. எங்கே போகிறார் என்று தேட வேண்டாம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை. கூட்டக் குறிப்பு எழுதும்போதும், மனிதவளத் துறையிடம் ஒரு புகாரைப் பற்றிப் பேசும்போதும், காவல்துறையிடம் வாக்குமூலம் கொடுக்கும்போதும் 'வாஸ் லைக்' வேண்டாம். அங்கே ஒருவர் சொன்ன சொற்கள் துல்லியமாக நினைவிருந்தால் 'ஹி செட்' என்று தொடங்குங்கள். சொற்கள் நினைவில்லாமல் சாரம் மட்டும் இருந்தால் 'ஹி செட் சம்திங் லைக்' என்று சொல்லிவிடுங்கள். இந்த வேறுபாட்டை அவர்கள் உண்மையாகவே கவனிக்கிறார்கள்.

மூன்றாம் படி: விரல்களைப் படியுங்கள்

இரு கைகளும் தோளுக்கும் முகத்துக்கும் நடுவே உயர்கின்றன. உள்ளங்கைகள் எதிரிலிருப்பவரைப் பார்த்திருக்கின்றன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒருமுறை அல்லது இருமுறை மடங்கி நிமிர்கின்றன. இதை 'ஏர் கோட்ஸ்' என்கிறார்கள், அதாவது காற்றில் வரையும் மேற்கோள் குறி. பிரிட்டிஷ் நூல்கள் பெரும்பாலும் ஒற்றை மேற்கோள் குறியையே அச்சிடுகின்றன. இருந்தும் பிரிட்டனிலும் இந்தச் சைகைக்கு இரண்டு விரல்கள்தான்.

இதன் வரலாறு நம் கேள்விக்கு அழகாக விடை சொல்கிறது. 1927-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு குறிப்பு, தன் சாமர்த்தியமான வாசகங்கள் சொந்தச் சரக்கல்ல என்பதைத் தெரிவிக்க இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி இரண்டிரண்டு விரல்களைக் காட்டிய ஓர் இளம்பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. அவளிடம் ஏளனம் இல்லை. 'இது கடன் வாங்கியது' என்ற நேர்மை மட்டுமே இருந்தது. 1989-இல் அமெரிக்காவின் 'ஸ்பை' இதழ் 'ஏர் கோட்ஸ்' என்ற பெயரோடு இந்தச் சைகையைப் பற்றி எழுதியபோது, அது எதையும் மனமார ஏற்காமல் தள்ளி நின்று பேசும் ஒரு தலைமுறையின் அடையாளமாகியிருந்தது. எழுத்தில் வரும் இத்தகைய ஐயக்குறிகளுக்கு 'ஸ்கேர் கோட்ஸ்' என்று பெயர். தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1956-இலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். கடன் வாங்கிய சொல் என்பதிலிருந்து நான் நம்பாத சொல் என்பதற்குப் போக ஓரடிதான் வேண்டியிருந்தது.

அந்த ஓரடி எவ்வளவு கனமானது என்பதற்கு 2008 அக்டோபர் 15 அன்று ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் சாட்சி. கருக்கலைப்பு பற்றிப் பேசுகையில், தாயின் 'உடல்நலம்' என்ற சொல்லைக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் விரல் மேற்கோளுக்குள் வைத்தார். அந்தச் சொல்லை எதிர்த்தரப்பினர் எதற்கு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் பார்த்தவர்களில் பலருக்கு, பெண்களின் உடல்நலத்தையே அவர் ஐயப்படுகிறார் என்று பட்டது. கடும் கண்டனம் எழுந்தது. விரல்கள் ஒரு சொல்லை யாருடைய பயன்பாட்டிலிருந்து விலக்குகின்றன என்பதைச் சொல்வதில்லை, விலக்குகின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் புண்படுகிறார்கள்.

எதிர்த்திசையில் இன்னொரு நிகழ்ச்சி. தம் 'டிரம்ப் டவர்' கட்டடத்தில் முந்தைய அதிபர் ஒபாமா ஒட்டுக்கேட்டார் என்று 2017 மார்ச் 4 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். அதே மாதம் 13-ஆம் தேதி, வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர், அதிபர் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள்தான் எழுதியிருந்தார் என்றும், ஆகவே பொதுவான கண்காணிப்பையே அது குறிக்கிறது என்றும் விரல்களை மடக்கிக் காட்டி விளக்கினார். சில பதிவுகளில் குறி இருந்தது, மற்றவற்றில் இல்லை. மேற்கோள் குறி ஒரு குற்றச்சாட்டின் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளவும் பயன்படும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. விரல் எந்தச் சொல்லின் மேல் மடங்கியது என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் மனத்துக்குள் 'என்று சொல்லிக்கொள்கிற' என்ற அடைமொழியோடு திருப்பிச் சொல்லிப் பாருங்கள். 'புதிய என்று சொல்லிக்கொள்கிற அச்சுப்பொறி.' பொருள் உடனே திறந்துவிடும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: அழுத்தம் கொடுப்பதற்காக விரல்களை மடக்காதீர்கள். தமிழ் இதழ்களில் சிறப்புச் சொற்களையும் பெயர்களையும் ஒற்றைக் குறிக்குள் இடுவது வழக்கம் என்பதால், மேற்கோள் குறி என்றால் மரியாதை என்ற பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒருவர் பிரிவுபசார விழாவில் 'அவர் தந்த உதவிக்கு நன்றி' என்று சொல்லி 'உதவி'க்கு விரல் மடக்கினால், அந்த உதவியால் பயனே இல்லை என்று பொருளாகிவிடும். மின்னஞ்சலிலும் இதே விபத்து நேர்கிறது. நன்றி சொல்லும் வாக்கியத்தில் மேற்கோள் குறியே வேண்டாம்.

இன்னொரு சிறு எச்சரிக்கை பிரிட்டனுக்கு மட்டும். புறங்கையை எதிரிலிருப்பவருக்குக் காட்டி இரண்டு விரல்களை நிமிர்த்துவது அங்கே கெட்ட வசை. விரல் மேற்கோளில் உள்ளங்கைதான் வெளியே தெரிய வேண்டும்.

நான்காம் படி: வாயால் சொல்லும் மேற்கோள் குறிகள்

கையில் காப்பிக் கோப்பை இருந்தால் விரல் மடக்க முடியாது. தொலைபேசியில் விரல் தெரியாது. அதற்காகக் குறியையே உரக்கச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. 'கோட்' என்று திறந்து 'எண்ட் கோட்' அல்லது 'அன்கோட்' என்று மூடுவார்கள். இரண்டையும் ஒட்டி 'கோட் அன்கோட்' என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், அடுத்து வரும் ஒரு சொல் அல்லது தொடர் மட்டும் குறிக்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். பிரிட்டனில் 'இன் இன்வெர்ட்டட் காமாஸ்' என்பார்கள். செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் 'கோட்', 'எண்ட் கோட்' என்று பிரித்துச் சொன்னால் அது பெரும்பாலும் நேர்மையான மேற்கோள். நண்பர் 'கோட் அன்கோட்' என்று ஒட்டிச் சொன்னால் அது பெரும்பாலும் ஐயம்.

நம்மவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் 'ஸோ கால்ட்'. தமிழில் 'எனப்படும்' என்பது தூய நடுநிலைச் சொல். அதை மனத்தில் வைத்து 'ஸோ கால்ட்' என்று பெயர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்திலும் ஒரு கலைச்சொல்லை அறிமுகப்படுத்த அது நடுநிலையாக வருவதுண்டு. ஆனால் மனிதருக்கோ பட்டத்துக்கோ பணிக்கோ முன்னால் வந்தால் அது நேரடி அவமதிப்பு. 'அவர் ஸோ கால்ட் எக்ஸ்பர்ட்' என்றால், நிபுணர் என்று சொல்லிக்கொள்கிறார், நான் நம்பவில்லை என்று பொருள். அறிமுகக் கூட்டத்தில் ஒருவர் தம் குழுத்தலைவரை இப்படிச் சொல்லி, அறையே அமைதியானதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நல்ல மனிதர், நல்ல எண்ணம், ஒரே ஒரு சொல்தான் பிழை. நடுநிலை வேண்டுமானால் 'நோன் ஆஸ்' அல்லது 'கால்ட்' போதும்.

நம் 'ஆம்' ஒட்டுக்கு மிக நெருங்கிய ஆங்கில உறவு 'அப்பேரன்ட்லி'. 'ஹி இஸ் இல், அப்பேரன்ட்லி' என்பதை 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்' என்று பெயர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் அந்த 'ஆம்' எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு ஐயம். ஆங்கிலத்திலும் அப்படியே. வாக்கியத்தின் இறுதியில் தனியாக, மெதுவாக விழுந்தால் பேசுபவர் நம்பவில்லை. 'சப்போஸட்லி'யில் ஐயம் இன்னும் கூடுதல். 'அலெஜட்லி' மட்டும் சட்டத்தின் சொல். செய்தியில் அது ஏளனம் இல்லாமல் 'குற்றச்சாட்டின்படி' என்ற பொருளில்தான் வரும்.

ஐந்தாம் படி: குரலைக் கேளுங்கள்

குத்தலை ஆங்கிலம் பேசுவோர் எப்படி ஒலிக்கிறார்கள் என்று பாட்ரிசியா ராக்வெல் 2000-இல் ஆராய்ந்தார். தாழ்ந்த சுருதி, மெதுவான வேகம், சற்றுக் கூடுதலான ஒலி ஆகிய மூன்றையும் அவர் கண்டார். 2009-இல் ஹென்றி சீயாங், மார்க் பெல் இருவரும் ஆங்கிலத்தையும் காண்டனீஸ் சீனத்தையும் ஒப்பிட்டபோது, ஆங்கிலத்தில் குத்தலுக்குச் சுருதி இறங்குவதையும் காண்டனீஸில் ஏறுவதையும் பதிவு செய்தார்கள். இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குத்தலின் குரல் உலகம் முழுவதற்கும் பொதுவானதன்று என்பதால், அதைப் பிடிக்கத் தவறுவது அறிவுக்குறைவாகாது. ஒரு புதிய இராகத்தைக் கேட்டுப் பழகுவது போன்ற வேலை இது.

தமிழில் நாம் மரியாதையை ஏற்றிக் குத்துகிறோம். 'மகாராஜா', 'துரை', 'ஐயா அவர்கள்' என்று பன்மையும் பட்டமும் கூடும். 'பெரிய ராஜாவாக்கும்' என்று 'ஆக்கும்' சேரும். ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஏற்ற மரியாதைப் படிகள் இல்லை. அங்கே உற்சாகச் சொல்லை உற்சாகமில்லாத குரலில் சொல்வதுதான் வழக்கமான முறை. 'கிரேட்' என்பதை உண்மையாகச் சொல்பவர் குரல் துள்ளும். பஸ் தவறிப்போனவர் சொல்லும் 'ஓ, கிரேட்' தரையில் விழும். 'தேங்க்ஸ் ஸோ மச்' பெரும்பாலும் உண்மை. 'தேங்க்ஸ் அ லாட்' இழுத்து, கீழே இறங்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.

குரலில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சால்வடோர் அட்டார்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியே இல்லாத வெறும் முகமும் ஓர் அடையாளம் என்று காட்டினார்கள். நல்ல செய்தியைச் சொல்லும் வாய்க்கு மேலே கண்கள் அசையாமல் இருந்தால், சொல்லைவிட முகத்தை நம்புங்கள்.

ஆறாம் படி: சில தொடர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்

இவற்றைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் நேரெதிர்ப் பக்கம் போய்ச் சேர்வோம். 'டெல் மீ அபௌட் இட்' என்றால் சொல்லச் சொல்வதாகப் பொருளில்லை, 'எனக்கும் அதே பாடுதான்' என்று பொருள். 'யா, ரைட்' என்றால் 'நம்பமுடியாது'. 'பிக் டீல்' என்றால் 'இதெல்லாம் ஒரு விஷயமா'. 'குட் லக் வித் தட்' என்றால் 'நடக்காது'. 'ஆஸ் இஃப்' என்றாலும் அதே. சொன்னதற்குப் பின் ஒரு நொடி விட்டு 'நாட்!' என்று மறுக்கும் வழக்கம் 1992-இல் அமெரிக்க வட்டாரவழக்குக் கழகத்தின் ஆண்டுச் சொல்லாகத் தேர்வாகுமளவு பரவியிருந்தது. இப்போது பழசாகிவிட்டது, புரிந்துகொண்டால் போதும்.

ஏழாம் படி: ஐயம் வந்தால் என்ன செய்வது

சொன்ன சொல்லும் கண்முன் இருக்கும் நிலைமையும் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். மழை கொட்டும்போது 'லவ்லி வெதர்' என்றால் விடை வெளியே தெரிகிறது. அந்த நேரத்தில் சொல்லுக்குப் பதில் சொல்லாமல் நிலைமைக்குப் பதில் சொல்லுங்கள். 'ஆமாம், நானும் நனைந்துவிட்டேன்' என்பது போல ஒரு வாக்கியம் போதும். அவர் குத்தலாகச் சொல்லியிருந்தாலும் உண்மையாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் பதில் பொருந்தும். எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்த உத்தி இதுதான்.

ஆனால் வேலை, பணம், பாதுகாப்பு தொடர்பான பேச்சில் ஊகம் கூடாது. 'ஜஸ்ட் டு பி க்ளியர், டூ யூ வான்ட் மீ டு டூ திஸ்?' என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையிலேயே இந்தக் குழப்பம் உயிர்களோடு விளையாடியிருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு சீனப்படையால் சூழப்பட்டபோது, பிரிகேடியர் டாம் பிரோடி தம் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது என்ற அளவில்தான் சொன்னார் என்றும், அதை அந்த அமெரிக்கர் சமாளிக்கக்கூடிய நிலைமை என்றே எடுத்துக்கொண்டார் என்றும் அந்தப் போரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அந்தப் பிரிவில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பிரிட்டிஷ் மேலாளர் 'அ பிட் ஆஃப் அ ப்ராப்ளம்' என்றால் அது பெரிய சிக்கலாகவே இருக்கலாம். எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். 'கொய்ட் குட்' என்பதும் அப்படித்தான். அமெரிக்கர் வாயில் அது நல்ல பாராட்டு, பிரிட்டிஷ் வாயில் பல சமயம் 'பரவாயில்லை' மட்டுமே.

எட்டாம் படி: நீங்களே குத்தலாகப் பேசுவது

முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புரிந்துகொள்ளும் திறன் வந்த பிறகுதான் செய்யும் திறன் வரும். வேற்று உச்சரிப்பில் வரும் குத்தலை அவர்கள் பெரும்பாலும் உண்மையென்றே எடுத்துக்கொள்வார்கள். நம் சுருதி அவர்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இறங்குவதில்லை.

விமான நிலையம், குடிவரவு மேசை, காவல் நிலையம், மருத்துவமனை ஆகிய இடங்களில் எப்போதுமே வேண்டாம். 2010-இல் இங்கிலாந்தில் ஓர் இளைஞர், பனியால் மூடப்பட்ட ராபின் ஹூட் விமான நிலையத்தை வெடிவைத்துத் தகர்த்துவிடுவதாகக் கேலியாக இணையத்தில் எழுதி, தண்டிக்கப்பட்டு, வேலையையும் இழந்தார். அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2012-இல்தான் நீக்கியது. அவர் அந்நாட்டுக்காரர்தான்.

தொடங்கும்போது வானிலையில் தொடங்குங்கள், ரயில் தாமதத்தில் தொடங்குங்கள். மனிதர்களைப் பற்றி வேண்டாம்.

பயிற்சி

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவை கூடும் வாரங்களில் புதன்கிழமை நண்பகல் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம் ஒளிபரப்பாகிறது. தமிழ்க் காதுக்கு இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது. அங்கே ஓர் உறுப்பினர் இன்னொருவரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது. ஆகவே 'ஆனரபிள்', 'ரைட் ஆனரபிள்' என்ற பட்டங்களைச் சூட்டிக்கொண்டே குத்துகிறார்கள். மகாராஜா எழுந்தாயிற்றா என்று கேட்ட தாயை அங்கே நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். முதல்முறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். சுருதி எங்கே இறங்குகிறது, 'ஸோ கால்ட்' எந்தச் சொல்லுக்கு முன் வருகிறது, எந்த இடத்தில் அவை ஆரவாரிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பகுதியைப் படத்தோடு பார்த்து, அந்த இடங்களில் முகமும் கைகளும் என்ன செய்கின்றன என்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் எதிரிலும் ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள்: இந்தச் சொல் பேசுபவருடையதா, அவர் எதிரில் அமர்ந்திருப்பவருடையதா? முதல் வாரம் பக்கத்தில் பாதி காலியாக இருக்கும். ஐந்தாறு புதன்கிழமைகள் விடாமல் எழுதுங்கள்.